கையால் கட்டினால் 112 பவுண்டு கூடுதல்: பிரிட்டனின் டைரக்ட் டெபிட் வித்தியாசம் – ஒரு நிகழ்வு ஆய்வு

2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிரிட்டனில் ஒரே மின்சாரத்துக்கும் ஒரே எரிவாயுவுக்கும் மூன்று விலைகள் இருந்தன. சராசரி வீடு ஆண்டுக்கு 2,700 யூனிட் மின்சாரமும் 11,500 யூனிட் எரிவாயுவும் செலவழிக்கும் என்று எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் கணக்கு வைத்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர் டைரக்ட் டெபிட்டில், அதாவது நிறுவனமே வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறையில், கட்டினால் ஆண்டுக்கு 1,717 பவுண்டு. மீட்டரில் முன்பணம் போட்டுப் பாவித்தால் 1,669. பில் வந்தபிறகு தானே பார்த்துக் கட்டினால் 1,829. மூன்றுமே ஆஃப்ஜெம் விதித்த விலை உச்சவரம்புக்கு உட்பட்டவை, சட்டப்படி சரியானவை.

டைரக்ட் டெபிட்காரருக்கும் பில் பார்த்துக் கட்டுபவருக்கும் அதே கம்பி, அதே குழாய், அதே மீட்டர். பணம் போய்ச் சேரும் வழி மட்டும் வேறு. அதற்கு 112 பவுண்டு, அதாவது ஆறரை சதவீதம் கூடுதல். இந்த ஆறரை சதவீதம் எங்கிருந்து வந்தது, எதற்காக வாங்கப்படுகிறது, யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் இந்த ஆய்வு. மேலோட்டமாகப் பார்த்தால் வங்கிச் செலவு என்று தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பகுதி வேறொருவர் கட்டாமல் விட்ட பில்.

டைரக்ட் டெபிட் என்றால்

தமிழ்நாட்டில் கடன் தவணைக்காக வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள எழுதிக் கொடுக்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. தவணைத் தொகை பொதுவாக மாறாது. டைரக்ட் டெபிட்டில் எவ்வளவு எடுப்பது என்பதை நிறுவனம் தீர்மானிக்கும், இடையில் மாற்றவும் செய்யலாம். மாற்றுவதற்கு முன் அறிவிக்க வேண்டும், வழக்கமாகப் பத்து வேலை நாட்கள். தவறாக எடுத்துவிட்டால் வங்கி உடனே பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற உத்தரவாதமும் உண்டு. அது நல்ல பாதுகாப்பு, உண்மையிலேயே வேலை செய்கிற பாதுகாப்பு. அதைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

நிறுவனத்துக்கு இதில் இரண்டு லாபம். ஆள் வைத்துப் பணம் எண்ண வேண்டியதில்லை என்பது சின்ன லாபம். பணம் முன்கூட்டியே, ஒழுங்காக வந்து விழும் என்பது பெரிய லாபம். ஆண்டுச் செலவைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் ஒரே தொகையாக எடுப்பார்கள். கோடையில் ஹீட்டர் ஓடாது, ஆனால் பணம் போய்க்கொண்டே இருக்கும். ஆக, குளிர்காலம் வருவதற்குள் வாடிக்கையாளரின் பணம் கணிசமாக நிறுவனத்திடம் சேர்ந்திருக்கும். வட்டியில்லாத கைமாற்று அது. 2021-இல் மொத்த விலை ஏறி எரிசக்தி நிறுவனங்கள் வரிசையாக விழுந்தபோது, சில நிறுவனங்கள் இந்த வாடிக்கையாளர் பணத்தைத்தான் நடைமுறை மூலதனமாகப் புழங்கிக்கொண்டிருந்தன என்பது வெளியே வந்தது.

தொலைபேசியில் தொடங்கியது

சாதாரண மக்கள் இந்த வித்தியாசத்தைத் தனி வரியாகப் பில்லில் பார்த்துக் கொதித்தது 2007-இல். அந்த மே மாதம் பிரிட்டனின் பெரிய தொலைபேசி நிறுவனமான பிடி (BT), டைரக்ட் டெபிட்டில் கட்டாத வாடிக்கையாளர்களிடம் மூன்று மாதத்துக்கு 4.50 பவுண்டு வாங்கத் தொடங்கியது. தபால் நிலையத்தில் காசாகக் கட்டுபவர், காசோலை அனுப்புபவர், எல்லோருக்கும் அதே கட்டணம். ஆண்டுக்கு 18 பவுண்டு.

பதினெட்டு பவுண்டுக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். அன்றைய வங்கி நிலவரத்தையும் சேர்த்துப் பார்த்தால் விளங்கும். கணக்கில் போதிய பணம் இல்லாத நாளில் டைரக்ட் டெபிட் வந்து தட்டினால், வங்கி அதைத் திருப்பி அனுப்பிவிட்டு ஒரு தண்டமும் போடும். பல வங்கிகளில் அது ஒரு தடவைக்கு 30 பவுண்டுக்கும் மேல். பென்ஷனோ உதவித்தொகையோ ஒரு நாள் பிந்தி வந்தால் போதும். ஆக, கையில் கொஞ்சமாகக் காசு வைத்திருப்பவருக்கு முன்னால் இரண்டு வழிகள்: தொலைபேசி நிறுவனத்துக்கு நிச்சயமாக 4.50 கொடுப்பது, அல்லது வங்கிக்கு 30-க்கு மேல் கொடுக்கும் ஆபத்தை ஏற்பது. 4.50-ஐத் தேர்ந்தவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை.

வங்கித் தண்டத்தை எதிர்த்த வழக்கு 2009 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அந்தக் கட்டணங்கள் வங்கிச் சேவைக்கான விலையின் ஒரு பகுதி, எனவே விலை கூடுதலா குறைவா என்று நியாயத்தன்மை விதிகளின்கீழ் சோதிக்க முடியாது என்றது தீர்ப்பு. தொலைத்தொடர்பு ஆணையமான ஆஃப்காமும் 2008 டிசம்பரில் கூடுதல் கட்டணங்கள் பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன் சாரம், ஒப்பந்தம் போடும்போதே இந்தக் கட்டணம் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி தெளிவாக இருக்க வேண்டும் என்பதுதான். ஒளித்து வைக்காதே என்றார்கள், வாங்காதே என்று சொல்லவில்லை.

மூன்று பவுண்டுக்கு ஓர் ஐரோப்பிய வழக்கு

இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பயன்பட்ட தீர்ப்பு, வாடிக்கையாளர் போட்ட வழக்கில் வந்ததல்ல. வரித்துறைக்கும் ஒரு கைபேசி நிறுவனத்துக்கும் நடந்த சண்டையில் வந்தது.

பிரிட்டனின் டி-மொபைல் நிறுவனம், டைரக்ட் டெபிட்டோ வங்கித் தானியங்கிப் பரிமாற்றமோ இல்லாமல் கட்டுபவர்களிடம் மாதம் 3 பவுண்டு வாங்கியது. பிறகு, இது பணத்தைக் கையாளும் நிதிச் சேவைக்கான கட்டணம், நிதிச் சேவைக்கு வாட் வரி கிடையாது, ஆகவே இந்த 3 பவுண்டுக்கு வரி கட்டத் தேவையில்லை என்று வாதிட்டது. வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2010 டிசம்பர் 2-ஆம் தேதி தீர்ப்பு. அதற்குள் நிறுவனத்தின் பெயர் எவ்ரிதிங் எவ்ரிவேர் என்று மாறியிருந்தது.

நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. கைபேசிச் சேவை வாங்க வருகிறவர், பணம் வாங்கிக்கொள்ளும் சேவை என்று ஒன்றைத் தனியாக வாங்க வருவதில்லை. பணம் பெற்றுக்கொள்வது விற்பனையோடு ஒட்டிய வேலை. எனவே அந்த 3 பவுண்டு கைபேசிச் சேவையின் விலையிலேயே ஒரு பகுதி, அதற்கும் வரி உண்டு.

வரிக்காக எழுதப்பட்ட தீர்ப்புதான். ஆனால் பணம் வாங்கிக்கொள்வது வாடிக்கையாளருக்குச் செய்கிற தனிச் சேவை என்ற விளக்கம் அங்கே நிற்கவில்லை. அப்படியானால் அந்தத் தொகை வெறும் விலை, சிலருக்கு மட்டும் கூட்டி வைத்த விலை.

ஆஸ்திரியாவில் இதே பெயருள்ள நிறுவனம், ஆன்லைன் வங்கி மூலமோ வங்கிச் சீட்டு மூலமோ கட்டுபவர்களிடம் 3 யூரோ வாங்கியது. அங்கே வியன்னாவைச் சேர்ந்த நுகர்வோர் சங்கம் வழக்குப் போட்டது. ஆஸ்திரியச் சட்டம் இப்படிப்பட்ட கட்டணத்தை முழுக்கத் தடை செய்திருந்தது. அப்படி ஒரு நாடு மொத்தமாகத் தடை செய்யலாமா என்பதே கேள்வி. செய்யலாம் என்று 2014 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ஜெர்மனியிலும் ஒரு கேபிள் நிறுவனம், வங்கியில் தானே போட்டுக் கட்டுபவர்களிடம் தடவைக்கு 2.50 யூரோ வாங்கிக்கொண்டிருந்தது. 2018 ஜனவரி 13 முதல் சட்டம் தடுத்துவிட்டது. அதற்கு முன்பே ஒப்பந்தம் போட்ட பழைய வாடிக்கையாளர்களிடம் மட்டும் தொடர்ந்து வாங்கலாம் என்று அந்த நிறுவனம் வாதிட்டது. 2021 டிசம்பரில் அந்த வாதமும் தோற்றது. அந்தத் தேதிக்குப் பின் செலுத்தும் எந்தப் பணத்துக்கும் தடை பொருந்தும்.

அதே 2018 ஜனவரி 13 பிரிட்டனுக்கும் பொருந்திய தேதிதான். கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம் என்பது அன்றோடு இங்கேயும் போனது. அப்புறம் ஏன் 2024-இல் 112 பவுண்டு? ஐரோப்பிய விதி கூடுதல் கட்டணத்தைத்தான் தடுத்தது, தள்ளுபடியைத் தடுக்கவில்லை. எரிசக்தியில் இந்த வித்தியாசம் தனிக் கட்டண வரியாக வருவதே இல்லை. ஒவ்வொரு கட்டண முறைக்கும் தனி விலைப் பட்டியல். நிறுவனம் இதை டைரக்ட் டெபிட் தள்ளுபடி என்று விளம்பரத்தில் சொல்லும். பில் வந்தபின் கட்டுபவருக்கு அந்த விலை, கடனுக்குக் கொடுக்கும் ஆபத்தையும் சேர்த்தது என்ற நியாயமும் கையில் இருக்கிறது. அந்த நியாயத்தைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

112 பவுண்டுக்குள் என்ன இருக்கிறது

எரிசக்தி நிறுவனங்கள் விருப்பப்படி வித்தியாசம் வைக்க முடியாது. 2003-ஆம் ஆண்டு ஐரோப்பிய மின்சார நெறிமுறையிலேயே, கட்டண முறைக்கு முறை வரும் வித்தியாசம் அந்த முறையால் நிறுவனத்துக்கு ஆகும் செலவை ஒட்டியே இருக்க வேண்டும் என்று இருந்தது. 2009-இல் ஆஃப்ஜெம் அதை உரிம நிபந்தனையாகவே ஆக்கியது. 2014-இல் ஹார்லோ தொகுதியின் எம்.பி. ராபர்ட் ஹாஃபன் நாடாளுமன்றத்தில் இதைக் கிளப்பினார். அந்த ஆண்டு ஆஃப்ஜெம் ஆராய்ந்துவிட்டு, வித்தியாசங்கள் பொதுவாகச் செலவை ஒட்டியே இருக்கின்றன என்றது.

ஆஃப்ஜெம் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தச் செலவு எது என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். மூன்று பாகம். ஒன்று, சில்லறை வேலை: பில் அச்சடித்து அனுப்புவது, பணம் பெறும் கடைக்குக் கமிஷன், நினைவூட்டல் கடிதம். இரண்டு, நடைமுறை மூலதனம்: நிறுவனம் மின்சாரத்தை முன்பே வாங்கிவிடும், பணம் பின்னால் வரும். மூன்று, வராக் கடன்: பில் வந்தபின் கட்டும் முறையில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் கட்டாமலே விட்டுவிடுவது, அதை வசூலிக்க ஆகும் செலவு. பெரும்பங்கு இந்த மூன்றாவது.

அதாவது, ஒழுங்காகக் கட்டுகிற ஒருவர், தன் வரிசையில் நிற்கிற இன்னொருவரின் பாக்கியைச் சேர்த்துக் கட்டுகிறார். அந்தப் பாக்கியை நாட்டின் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பிரிக்கவில்லை, அந்த வரிசைக்குள்ளேயே பிரித்திருக்கிறார்கள்.

கிழக்கு லண்டனில் நம்மவர்களில் வயதானவர்களுக்குக் கடிதங்களும் பில்களும் வாசித்துச் சொல்வது என் வழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் அன்ரி ஒருமுறை ஒரு பிளாஸ்டிக் கோப்பைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பில்லின் பின்னாலும் கடையில் கட்டிய ரசீது பின் அடித்திருந்தது. அந்த வெப்பத்தாள் ரசீதுகளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும் என்பதால், ஒவ்வொன்றின் முதுகிலும் தேதியையும் தொகையையும் நீலப் பேனாவால் எழுதி வைத்திருந்தார். ஒரு பில்கூடப் பிந்தவில்லை. சில பில்கள் வந்த மறுநாளே கட்டப்பட்டிருந்தன.

“தம்பி, நான் ஒரு நாளும் பிந்திக் கட்டினதில்லை. பிறகேன் என்னட்டைக் கூட எடுக்கினம்?” என்று கேட்டார்.

“அன்ரி, கட்டாமல் விடுற ஆக்களின்ர காசையும் சேர்த்துத்தான் இந்த விலை போட்டிருக்கினம்” என்றேன்.

“அது அவையின்ர கணக்கெல்லோ?” என்றார்.

ஏன் டைரக்ட் டெபிட் போடவில்லை என்று கேட்டதற்கு, பல வருடங்களுக்கு முன் பென்ஷன் வர ஒரு நாள் பிந்தியதால் வங்கி போட்ட தண்டத்தைச் சொன்னார். அதற்குப் பிறகு தன் கணக்கில் யாரையும் கைவைக்க விடுவதில்லை என்று தீர்மானித்துவிட்டார். அவர் கேள்விக்கு ஆஃப்ஜெமின் எந்த ஆவணத்திலும் எனக்கு நேர்மையான பதில் கிடைக்கவில்லை. அந்தக் கட்டண முறையால் ஆகும் செலவு வேறு, அந்த வாடிக்கையாளரால் ஆகும் செலவு வேறு. இரண்டையும் ஒன்றாக்கித்தான் விலை போட்டிருக்கிறார்கள்.

இதைக் கடனுக்கான வட்டி என்றே வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு ஒரு பில், கட்ட இரண்டு வாரம் என்றால், சராசரியாக இரண்டு மாதக் கடன் என்று வையுங்கள். அந்த இரண்டு மாதத்துக்கு ஆறரை சதவீதம். ஆண்டுக்குப் பெருக்கினால் 39 சதவீதம். இது என் குத்துமதிப்பான கணக்கு, ஆனால் அளவு புரியும். பல கிரெடிட் கார்டுகளின் வட்டியைவிட அதிகம். வாங்காத கடனுக்கு, அதுவும் பில் வந்த மறுநாளே தீர்த்த கடனுக்கு.

பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 2016-இல் செய்த ஆய்வில், ஏழைக் குடும்பம் ஒன்று ஏழையாக இருப்பதாலேயே ஆண்டுக்குச் சராசரியாக 490 பவுண்டு கூடுதலாகக் கட்டுவதாகக் கணக்கிட்டார்கள். மலிவான கட்டண முறைக்குப் போக முடியாததும் அதில் சேர்ந்த ஒரு பங்கு.

மீட்டர்காரருக்கு நடந்த மாற்றம்

முன்பண மீட்டர் வைத்திருந்தவர்களின் நிலையும் நீண்ட காலம் மோசமாகத்தான் இருந்தது. முன்கூட்டியே காசு கொடுப்பவரால் நிறுவனத்துக்கு வராக் கடன் ஆபத்து குறைவு. இருந்தும் மீட்டர் பராமரிப்புச் செலவு என்று சொல்லி அதிகம் வாங்கினார்கள். 2022 குளிர்காலத்தில் மக்கள் மீட்டரில் போடக் காசில்லாமல் இருட்டில் உட்கார்ந்ததும், வீட்டுக்குள் புகுந்து வலுக்கட்டாயமாக மீட்டர் மாற்றியது செய்தியானதும் அரசு அசைந்தது. 2023 மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட், ஜூலையிலிருந்து மீட்டர் விலையை டைரக்ட் டெபிட் விலைக்குச் சமமாக்குவதாக அறிவித்தார். அதனால் பயன்பெற்றவை நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள். முதலில் அரசு பணம் கொடுத்தது. 2024 ஏப்ரலில் ஆஃப்ஜெம் அதையே நிரந்தர ஏற்பாடாக்கி, எவ்வளவு பாவித்தாலும் தினமும் வாங்கும் நிலைக்கட்டணத்தை இரு தரப்புக்கும் சமப்படுத்தியது. மீட்டர்காரருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 49 பவுண்டு குறைந்தது. டைரக்ட் டெபிட்காரருக்கு 10 பவுண்டு கூடியது.

பத்து பவுண்டு. நாட்டில் பெரும்பான்மையோர் டைரக்ட் டெபிட்டில் இருப்பதால், அவர்கள் தலைக்குக் கொஞ்சமாகக் கொடுத்ததிலேயே மற்றவர்களின் கூடுதல் சுமை மறைந்துவிட்டது. கட்டண முறையின் செலவைக் கட்டாயம் அந்த முறைக்காரரிடமே வாங்க வேண்டும் என்று இருபது வருடமாகச் சொல்லிவந்த வாதம் அன்றோடு உடைந்தது. செய்ய முடியும், செய்தும் காட்டிவிட்டார்கள். பில் வந்தபின் கட்டுபவரை மட்டும் அந்தச் சமப்படுத்தலில் சேர்க்கவில்லை. இன்றைக்கு மூன்று பேரில் அதிக விலை கொடுப்பவர் அவர்தான்.

கணக்கைத் திறந்துவிடத் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது

டைரக்ட் டெபிட்டுக்கு மாறினால் முடிந்தது, ஏன் அடம்பிடிக்க வேண்டும் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். 2022 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் டைரக்ட் டெபிட் தொகை உயர்த்தப்பட்டது. சராசரி உயர்வு 62 சதவீதம். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இருமடங்குக்கும் மேல். இது ஆஃப்ஜெமே சொன்ன கணக்கு. விலை அப்போது உண்மையிலேயே ஏறியது, ஆனால் சில நிறுவனங்களின் கணக்கிடும் முறையே சரியில்லை என்றும் ஆஃப்ஜெம் சொன்னது. வாரக்கூலிக்கு வேலை செய்பவருக்கும், மணிக்கணக்கு நிச்சயமில்லாத வேலையில் இருப்பவருக்கும், எந்த நாளில் எவ்வளவு போகும் என்பது வாழ்வா சாவா என்கிற கேள்வி. வாடகைக்கு முன் கரண்ட் பில் போய்விட்டால் வாடகை நிற்கும்.

இருந்தாலும் 2007-இல் இருந்த பொறி இன்று அதே அளவுக்கு இல்லை. 2016-இலிருந்து பெரிய வங்கிகள் தரும் அடிப்படைக் கணக்கில், டைரக்ட் டெபிட் திரும்பிப் போனாலும் தண்டம் கிடையாது. 2020 ஏப்ரலில் நிதி ஒழுங்குமுறை ஆணையம் மற்றக் கணக்குகளிலும் பழைய தண்டங்களை வெட்டியது. இப்போது மறுக்கப்பட்ட பணத்துக்கு வங்கி வாங்கும் தொகை அதன் செலவை ஒட்டியே இருக்க வேண்டும். இது தெரியாமல் பழைய அடியின் நினைவில் இன்னும் கடையில் போய்க் கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. டைரக்ட் டெபிட் என்றால் மாதம் ஒரே தொகையாகத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. பில்லில் வந்த தொகையை மட்டும் எடுக்கும் முறையும் உண்டு. அதை வேரியபிள் டைரக்ட் டெபிட் என்பார்கள். நிறுவனத்திடம் கோடைப் பணம் சேராது, பில்லைப் பார்த்த பிறகே பணம் போகும். எல்லா நிறுவனத்திலும் கிடைக்காது, கிடைக்கிற இடத்தில் பொதுவாக டைரக்ட் டெபிட் விலையே கிடைக்கும். ஆனால் ஜனவரி, பிப்ரவரி பில் பெரிதாக வரும். அதைத் தாங்க முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் அந்தந்த மாத அளவை ஒட்டியே பில் வரும், இல்லாதவர் ரீடிங் எடுத்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஊகக் கணக்கில் எடுத்துவிடுவார்கள்.

அன்ரிக்கு நான் சொன்னதும் இதுதான். பென்ஷன் வரும் கணக்கைத் தொடாமல், பில்லுக்கென்று ஓர் அடிப்படைக் கணக்கு தனியாகத் திறந்து, வழக்கமாகக் கடையில் கட்டும் தொகையை அதில் போட்டுவிட்டு, வேரியபிள் டைரக்ட் டெபிட்டை அதிலிருந்து எடுக்கச் சொல்லலாம். யாரும் உள்ளே வந்து எடுத்தாலும் அதில் போட்டதற்கு மேல் எடுக்க முடியாது. தொலைபேசியில் பேசும்போது “டைரக்ட் டெபிட் வேண்டும்” என்று மட்டும் சொன்னால் மாதத் தொகையைத்தான் போடுவார்கள். “பில் தொகை மட்டும், பில் வந்தபிறகு” என்று சொல்லி, அதைக் கடிதத்திலோ மின்னஞ்சலிலோ எழுதி அனுப்பச் சொல்ல வேண்டும்.

முன்பண மீட்டர் இப்போது ஆக மலிவு என்பதால் அதற்கு மாறலாமா என்றும் கேட்கிறார்கள். தனியாக இருக்கும் வயதானவருக்கு நான் அதைச் சொல்வதில்லை. காசு போட மறந்த ஓர் இரவில் ஹீட்டர் நின்றுவிட்டால், மிச்சம் பிடித்த 160 பவுண்டு அதற்கு ஈடாகாது.